ஈஸா நபியின் தோழர்களும் நமது ஈமானும்

 

 

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என நீளும் இந்தக் கடற்கரையிலும், உள்ளே செங்கல்பட்டு வரையிலும் வாழும் நமக்குக் கிறிஸ்தவப் பிரசங்கம் புதிதன்று. ரயில் நிலையத்தில் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள். மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலருகே நின்று ஜெபம் செய்கிறார்கள். நம் பிள்ளைகளில் பலர் மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்து வளர்ந்தவர்கள், இன்றும் படிக்கிறார்கள். அந்தப் பிரசங்கங்களைச் சற்று உற்றுக் கேட்டால், எத்தனை விதமாகப் பேசினாலும் அவை இரண்டு கேள்விகளில் வந்து நிற்பதைக் காணலாம். இயேசு யார் என்பதை நீங்கள் அறிவீர்களா? உங்கள் விசுவாசம் மெய்யான விசுவாசம்தானா?

இவ்விரண்டு கேள்விகளையும் திருமறை குர்ஆன் நம்மிடம் முன்னரே கேட்டிருக்கிறது. விடையும் சொல்லித் தந்திருக்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

முன்னாளில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து, இன்று சென்னை மாநகரோடு ஒன்றாகிவிட்ட பரங்கிமலையை நீங்கள் அறிவீர்கள். விமானத்திலிருந்து இறங்கி வருகிறவர் கண்ணில் முதலில் படும் மலை அது. கிறிஸ்தவர்கள் அதனைப் புனித தோமையார் மலை என்பார்கள். இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவராகிய தோமா கடல் கடந்து வந்து, இந்நாட்டில் பிரசங்கம் செய்து, கி.பி. 72-ஆம் ஆண்டில் அம்மலையில் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்பது அவர்களின் பாரம்பரிய நம்பிக்கை. மயிலாப்பூரில் சாந்தோம் ஆலயம் இருக்குமிடமே அவர் அடக்கமான இடம் என்பார்கள். 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் இங்கு வந்தபோது இவ்விடங்களைக் கண்டு சென்றார்.

இதில் நமக்கென்ன என்று கேட்காதீர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்கோ போலோ என்னும் வெனிஸ் நகர யாத்திரிகர் ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கிறார். தோமாவின் அடக்கத்தலத்திற்குக் கிறிஸ்தவர்கள் மட்டுமல்லர், முஸ்லிம்களும் ஸியாரத்துக்கு வருகிறார்கள்; அவர் தங்களைச் சேர்ந்த பெரியவர் என்று முஸ்லிம்கள் மதிக்கிறார்கள்; அவரை 'அவரியன்' என்ற பட்டத்தால் அழைக்கிறார்கள் என்கிறார் அவர். அந்தச் சொல் என்னவாக இருக்கும்? நம் காதுகளுக்கு அது உடனே புரிகிறதல்லவா? 'ஹவாரிய்யு' என்ற அரபிச் சொல்லைத்தான் அந்த யாத்திரிகர் அப்படிக் கேட்டு எழுதினார் என்று அவருடைய நூலை ஆராய்ந்தவர்களும் கூறியிருக்கிறார்கள். ஈஸா (அலை) அவர்களின் உற்ற தோழர்களுக்குத் திருமறை சூட்டிய பெயர் ஹவாரிய்யூன் என்பது.

ஆக, எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இக்கரையில் வாழ்ந்த நம் முன்னோர், கிறிஸ்தவர்கள் போற்றிய ஒருவரைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. அவரைத் தங்கள் குர்ஆனின் கண்ணால் பார்த்தார்கள். அவர் ஈஸா நபியின் தோழர் என்றால் நமக்கும் வேண்டியவரே என்றார்கள். தோமா உண்மையிலேயே இங்கு வந்தாரா என்பது வேறு விஷயம். அவர் காலத்துச் சான்று எதுவும் இம்மண்ணில் கிடைக்கவில்லை. சரித்திர ஆசிரியர்களிடையே அதில் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அதைச் சொல்லும்போது நாம் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். கோவளத்தில், கார்மேல் மாதா கோயில் இருக்கும் அதே ஊரில், நாயகத் தோழர் ஒருவர் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பும் தமீமுல் அன்ஸாரி தர்காவும் இருக்கிறது. அதற்கும் அக்காலத்து எழுத்துச் சான்று கேட்டால் நம்மால் காட்ட இயலாது. அடுத்தவர் நம்பிக்கைக்கு ஒரு தராசும் நம் நம்பிக்கைக்கு வேறொரு தராசும் வைத்திருப்பது நீதியன்று.

சரி, ஹவாரிய்யூன் யார்? அல்லாஹ்வின் பாதையில் எனக்கு உதவி செய்வோர் யார் என்று ஈஸா (அலை) கேட்டபோது, நாங்கள் இருக்கிறோம் என்று எழுந்து நின்றவர்கள். தாங்கள் முஸ்லிம்கள், அதாவது இறைவனுக்கு முற்றிலும் கட்டுப்பட்டவர்கள் என்பதற்கு அந்த நபியையே சாட்சியாக்கியவர்கள் (3:52). ஸூரத்துஸ் ஸஃப்பின் இறுதி வசனத்தில் அல்லாஹ் நம்மைப் பார்த்து, அந்த ஹவாரிய்யூன்களைப் போல் நீங்களும் அல்லாஹ்வின் உதவியாளர்களாக ஆகுங்கள் என்று ஆணையிடுகிறான் (61:14). எண்ணிப் பாருங்கள்! முஹம்மது (ஸல்) அவர்களின் உம்மத்திற்கு முன்மாதிரியாக ஈஸா நபியின் சீடர்கள் காட்டப்படுகிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் அஸ்ருக்குப் பின் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். கையில் சிறிய புத்தகம் ஒன்று. தமிழில் அச்சிட்ட யோவான் சுவிசேஷம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகளுக்கு வகுப்புத் தோழி கொடுத்ததாம். "ஹஜ்ரத், இதை எரித்துவிடலாமா? இல்லை, கடலில் போட வேண்டுமா?" என்று கேட்டார்.

"பிள்ளை என்ன சொன்னாள்?" என்று கேட்டேன்.

"தோமா என்கிறவர் ஈஸா நபியைக் கடவுள் என்று சொல்கிறாராம். அவர்கள் மறுக்கவில்லையாம். அப்படியானால் நாம் சொல்வது எப்படி அத்தா சரியாகும் என்று கேட்கிறாள்."

"நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?"

"அதட்டி உட்கார வைத்துவிட்டேன்."

சகோதரர்களே! அந்தப் பிள்ளை தவறேதும் செய்யவில்லை. படித்தாள், விளங்கவில்லை, பெற்றவரிடம் வந்து கேட்டாள். நம்மிடம் கேட்காமல் வேறெங்கோ போய்க் கேட்டிருந்தால் அல்லவா நாம் அஞ்ச வேண்டும்? அதட்டலில் அடங்கிப்போன கேள்வி செத்துப் போவதில்லை. அது மனத்துக்குள் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

யோவானின் இருபதாம் அத்தியாயத்தில் வரும் செய்தி இதுதான். இயேசு சிலுவையில் இறந்து மீண்டும் உயிரோடு எழுந்தார் என்று மற்றச் சீடர்கள் சொன்னபோது தோமா நம்பவில்லை. ஆணியடித்த தழும்பைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்றார். எட்டு நாட்களுக்குப் பின் இயேசு அவர்முன் தோன்றித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அப்போது தோமா அவரை ஆண்டவர் என்றும் கடவுள் என்றும் அழைத்தார். காணாமலே நம்புகிறவர்கள் பாக்கியவான்கள் என்று இயேசு சொன்னார். பரங்கிமலையை வைத்துச் செய்யப்படும் பிரசங்கங்களில் இந்தப் பகுதி அடிக்கடி எடுத்தாளப்படுவதில் வியப்பில்லை. இயேசு யார் என்பதும் மெய்யான விசுவாசம் எது என்பதும் ஒருசேர அதில் இருக்கின்றன.

இதற்கு நாம் என்ன சொல்கிறோம்? அதே அத்தியாயத்தில் பதினொரு வசனங்களுக்கு முன்னால் பாருங்கள். பதினேழாம் வசனத்தில் மகதலேனா மரியாளிடம் இயேசு பேசுகிறார். தாம் யாரிடம் ஏறிச் செல்கிறாரோ, அவன் தமக்கும் இறைவன், சீடர்களுக்கும் இறைவன் என்ற பொருள்படவே பேசுகிறார். தனக்கென ஓர் இறைவன் இருப்பவரை இறைவன் என்று எப்படிச் சொல்வது? இது நாம் கேட்கும் கேள்வி.

ஆனால் இதைச் சொன்னதும் வாதத்தில் வென்றுவிட்டோம் என்று எழுந்து போய்விடக் கூடாது. நம் வாலிபர்கள் பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். அவர்களிடமும் விடை உண்டு. இயேசு ஒரே நேரத்தில் முழு மனிதரும் முழுக் கடவுளும் ஆவார். மனிதர் என்ற நிலையில் அவ்வாறு பேசினார் என்பது அவர்கள் கொள்கை. கி.பி. 451-இல் கால்சிடோன் என்ற ஊரில் கூடிய சபையில் இதை வரையறுத்துக் கொண்டார்கள். அவர்கள் சொல்லும் விளக்கத்தை அவர்கள் சொல்லும்படியே கேட்டு, அதற்குப் பின்னும் நமக்கு ஏன் அது ஏற்புடையதாக இல்லை என்று சொல்வதுதான் அறிவுடைமை. 1854 ஏப்ரலில் ஆக்ரா நகரில் பாதிரியார் ஃபாண்டருடன் இரண்டு நாள் விவாதித்த மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்கள் கிறிஸ்தவ வேத ஆராய்ச்சி நூல்களை முன்கூட்டியே தேடிப் படித்து ஆயத்தமாகச் சென்றார்கள். இன்று தொலைபேசியில் இரண்டு நிமிடக் காணொளி பார்த்துவிட்டு விவாதத்துக்குக் கிளம்புகிறார்கள்!

நமக்கு அது ஏன் ஏற்புடையதாக இல்லை? முதலாவதாக, அந்தச் செய்தி முழுவதும் சிலுவை மரணத்தின் மேல் நிற்கிறது. ஈஸா (அலை) அவர்களை அவர்கள் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை. அல்லாஹ் அவர்களைத் தன்னளவில் உயர்த்திக்கொண்டான் என்று திருமறை அறிவிக்கிறது (4:157, 158). இரண்டாவதாக, ஈஸா நபியும் அவர்களின் தாயாரும் உணவு உண்டு வாழ்ந்தவர்கள் என்று அல்லாஹ் மிக எளிமையாகச் சொல்லிவிடுகிறான் (5:75). பசிக்கிறவர் பிறரைச் சார்ந்தவர். பிறரைச் சார்ந்தவர் படைப்பினம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

இயேசு யார் என்ற கேள்வி கிறிஸ்தவர்களுக்குள்ளேயும் எளிதில் தீர்ந்துவிடவில்லை என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். குமாரன் படைக்கப்பட்டவரே என்று ஆரியஸ் என்னும் பாதிரியார் சொன்னதை மறுப்பதற்காக 325-இல் நைசியாவில் சபை கூடியது. 2025-ஆம் ஆண்டோடு அதற்கு 1700 ஆண்டுகள் நிறைந்தன. 431-இல் எபேசு நகரில் கூடிய சபையில், மர்யம் (அலை) அவர்களைக் கடவுளின் தாய் என்று சொல்லலாமா கூடாதா என்ற சர்ச்சை மூண்டது. அச்சொல்லை ஏற்காத கிழக்குத் திருச்சபையார் பாரசீகத்தில் நிலைபெற்று, அங்கிருந்து கடல் வழியே நம் நாட்டுக்கும் வந்தார்கள். 1547-இல் பரங்கிமலையில் போர்த்துகீசியர் நிலத்தைத் தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றிலும் பழைய பாரசீகமான பஹ்லவி மொழியில் எழுத்துகள் உள்ளன. இன்றும் அந்த ஆலயத்தில் அதைக் காணலாம். அந்தக் கல்லைச் செதுக்கிய கிறிஸ்தவர்களும் இயேசுவைக் கடவுள் என்றே நம்பினார்கள். அவர்கள் நம்மைப் போல் நம்பியவர்கள் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆயினும் இந்தக் கேள்வியில் அவர்களும் மேற்குத் திருச்சபையாரும் ஒருவரையொருவர் ஏற்கவில்லை. மலையின் உச்சியில் இருக்கும் கல்லே அந்தச் சர்ச்சையின் ஞாபகமாக நிற்கிறது.

இனி, நாம் நம்பும் ஈஸா (அலை) யார்? இதைத்தான் நம் பிள்ளைகள் முதலில் அறிய வேண்டும். அவர்களைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்செல்லாம் அவர்கள் யாராக இல்லை என்பதோடு நின்றுவிடுகிறது. கடவுள் இல்லை, கடவுளின் மகன் இல்லை, சிலுவையில் இறக்கவில்லை. உண்மைதான். ஆனால் 'இல்லை'களை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளையின் மனத்தில் ஒரு நபியின் மீது முஹப்பத் எப்படி வரும்?

திருமறையில் ஈஸா (அலை) அவர்களின் பெயர் இருபத்தைந்து இடங்களில் வருகிறது. மர்யம் (அலை) அவர்களின் பெயர் முப்பத்து நான்கு இடங்களில் வருகிறது. பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒரே பெண்மணி அவர்கள். அவர்கள் பெயரால் ஓர் அத்தியாயமே இருக்கிறது. தகப்பன் இன்றிப் பிறந்தவர் ஈஸா. ஆதம் (அலை) அவர்களையும் அவ்வாறே அல்லாஹ் படைத்தான் (3:59). அவர்கள் அல்மஸீஹ், அல்லாஹ் மர்யமிடம் இட்ட வார்த்தை, அவனிடமிருந்து வந்த ஓர் ஆன்மா (4:171). தொட்டிலில் பேசியவர்கள். பிறவிக் குருடரையும் வெண்குஷ்டரோகியையும் அல்லாஹ்வின் அனுமதியால் குணப்படுத்தியவர்கள். அவன் அனுமதியால் இறந்தோரை எழுப்பியவர்கள் (3:49). மறுமை நாளுக்கு முன் மீண்டும் வரப்போகிறவர்கள். அல்லாஹ் ஒருவனே என்றும் முஹம்மது அவன் தூதர் என்றும் சாட்சி கூறுவதோடு, ஈஸா அல்லாஹ்வின் அடியார், அவன் தூதர், அவன் வார்த்தை என்றும் சாட்சி கூறுகிறவருக்குச் சுவர்க்கம் உண்டென்று நபிகள் நாயகம் (ஸல்) நவின்றதை உபாதா பின் ஸாமித் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியில் அது உள்ளது. ஈஸா நபியை மறுத்தவர் முஸ்லிமாக இருக்கவே முடியாது.

அவர்கள் மீது நமக்குள்ள நேசத்தை நம் கிறிஸ்தவ அண்டை வீட்டார் அறிவார்களா? அவர்களின் பண்டிகையையும் பாட்டையும் பற்றிக் கேலி பேசும் வாலிபர்களைத்தான் அவர்கள் அறிந்திருக்கிறார்கள். பிறர் அழைத்து வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்று அல்லாஹ் தடுத்திருக்கிறான் (6:108). அவர்கள் அழைப்பதோ நாம் 'அலைஹிஸ்ஸலாம்' சொல்ல வேண்டிய ஒரு நபியை! அவர்களைக் குறித்துக் கேலியாக ஒரு வார்த்தை வந்தால் அது ஈமானுக்கே ஆபத்து.

மறுமையில் நடக்கப்போகும் ஓர் உரையாடலை ஸூரத்துல் மாயிதாவின் இறுதியில் அல்லாஹ் நமக்குக் காட்டுகிறான். உம்மையும் உம் தாயையும் தெய்வங்களாக்கிக் கொள்ளும்படி மக்களிடம் நீர் சொன்னீரா என்று ஈஸா நபியிடம் கேட்கப்படும். எனக்கு உரிமையில்லாததை நான் சொல்வதற்கில்லை என்று அவர்கள் பதறி மறுப்பார்கள். அதற்குப் பின் தம் மக்களுக்காகச் சொல்வார்கள்: நீ தண்டித்தால் அவர்கள் உன் அடியார்கள், மன்னித்தால் நீயே வல்லமையும் ஞானமும் உடையவன் என்ற பொருளில் (5:118). இந்த ஒரு வசனத்தை நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் இரவு முழுவதும், விடியும் வரை, தொழுகையில் நின்று திரும்பத் திரும்ப ஓதினார்கள் என்று அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள். கிறிஸ்தவ மக்கள் விஷயத்தில் ஈஸா நபி கூறப்போகும் சொல், முஹம்மது நபியின் நாவில் ஓர் இரவு முழுதும்! கொள்கையில் கடுகளவும் விட்டுக்கொடுக்காத நெஞ்சில்தான் இவ்வளவு இரக்கமும் இருந்தது.

அடுத்து இரண்டாம் கேள்விக்கு வருவோம். மெய்யான ஈமான் எது?

தோமா கண்ணால் கண்டு நம்ப விரும்பினார் என்று பிரசங்கிகள் அவரைச் சற்றுக் குறைத்துப் பேசுவதுண்டு. நம் திருமறையிலோ ஹவாரிய்யூன்கள் எல்லோருமே அப்படி ஒன்று கேட்டார்கள். வானிலிருந்து ஓர் உணவுத் தட்டு இறங்க வேண்டும். அதில் நாங்கள் உண்ண வேண்டும். எங்கள் உள்ளங்கள் அமைதி பெற வேண்டும் என்றார்கள் (5:112, 113). இறந்தவர்களை நீ எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டுமாறு இப்ராஹீம் (அலை) கேட்டார்கள். நீர் நம்பவில்லையா என்று இறைவன் கேட்க, நம்புகிறேன், ஆயினும் என் உள்ளம் அமைதியடைவதற்காகவே கேட்கிறேன் என்றார்கள் (2:260). ஆகவே உள்ளம் அமைதியைத் தேடுவது ஈமான் இல்லாமையின் அடையாளம் அன்று. அதைக் கேட்ட அந்தப் பிள்ளையும் அந்த வரிசையில் கடைசியில் நிற்கிறாள் என்று சொன்னால் மிகையாகாது.

காணாமல் நம்புவதன் சிறப்பும் நமக்கு உண்டு. மறைவானவற்றை நம்புவோர் என்பதுதான் பக்தியாளர்களைப் பற்றி ஸூரத்துல் பகராவில் வரும் முதல் வர்ணனை (2:3). ஒரு நாள் மண்ணறைகளுக்குச் சென்ற நபி (ஸல்), நம் சகோதரர்களைப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்றார்கள். நாங்கள் உங்கள் சகோதரர்கள் இல்லையா என்று தோழர்கள் கேட்டபோது, நீங்கள் என் தோழர்கள். என் சகோதரர்கள் இனிமேல் வரப்போகிறவர்கள் என்றார்கள். முஸ்லிம் நூலில் உள்ள இந்த நபிமொழியைக் கேட்கும்போது கண் கலங்காதவர் யார்?

ஆனால் நம்பினோம் என்று சொன்னால் போதுமா? நாட்டுப்புற அரபிகள் சிலர் வந்து, நாங்கள் ஈமான் கொண்டோம் என்றார்கள். இல்லை, கட்டுப்பட்டோம் என்று சொல்லுங்கள். ஈமான் இன்னும் உங்கள் உள்ளங்களில் நுழையவில்லை என்று இறைவன் பதில் அருளினான் (49:14). பெயர் முஸ்லிம் பெயர், சுன்னத் செய்தாகிவிட்டது, ஜும்ஆவுக்கு வந்தாகிவிட்டது. ஈமான் உள்ளத்தில் நுழைந்துவிட்டதா? பிரசங்கி நம்மைப் பார்த்துக் கேட்பதற்குப் பதினான்கு நூற்றாண்டுகள் முன்பே அல்லாஹ் கேட்டுவிட்டான். கேட்கும் அதிகாரம் அவனுக்கு இருக்கிறது; மனிதருக்கு இல்லை. போர்க்களத்தில் கலிமாச் சொன்ன ஒருவரை, உயிருக்கு அஞ்சிச் சொன்னார் என்று எண்ணி வெட்டிய உஸாமா (ரலி) அவர்களிடம், அவர் உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்று நாயகம் (ஸல்) கேட்ட கேள்வி எல்லாக் காலத்துக்கும் உரியது. எவருடைய விசுவாசம் மெய், எவருடையது பொய் என்று நாமும் அளக்க வேண்டாம். நம்முடையதைப் பிறர் அளந்து சொல்லவும் தேவையில்லை.

செயல் இல்லாத விசுவாசம் உயிரற்றது என்ற கருத்து கிறிஸ்தவ வேதத்தில் யாக்கோபின் நிருபத்தில் இருக்கிறது. விசுவாசம் மட்டுமே மீட்கும் என்று போதித்த மார்ட்டின் லூதருக்கு அந்த நிருபம் உவப்பாக இருக்கவில்லை என்பதும் சரித்திரம். நம் இமாம்களிடையேயும் ஈமானுக்குள் அமல் அடங்குமா என்ற நுட்பமான ஆய்வு உண்டு. அதற்குள் இப்போது போக வேண்டாம், குத்பாவுக்கு நேரமாகிவிடும். ஈமான் கொண்டு நற்செயல் புரிவோர் என்று இரண்டையும் இணைத்தே திருமறை பேசுகிறது என்பது போதும்.

இங்கே நம் ஊரிலேயே உள்ள ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1920-களில் ஸ்காட்லாந்து மிஷனார் நடத்திய லேடி வெலிங்டன் தொழுநோய் இல்லமே 1955-இல் மத்திய அரசால் ஏற்கப்பட்டுத் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமாயிற்று. தொழுநோய் மருத்துவத்தில் உலகறிந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அங்கே பணியாற்றியவர். பெற்ற பிள்ளைகளே வீட்டை விட்டு வெளியேற்றிய நோயாளிகளின் புண்களைக் கழுவிக் கட்டியவர்கள் அவர்கள். அதில் மதப்பிரசாரமும் கலந்திருந்தது என்று சிலர் சொல்வார்கள். கலந்திருக்கலாம். பிரசாரத்தை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் வெண்குஷ்டரோகியைத் தொட்டுக் குணமாக்கிய ஈஸா நபியை நாமும்தானே நம்புகிறோம்? அந்தப் புண்ணைக் கழுவ நம் கை ஏன் நீளவில்லை என்ற கேள்விக்கு விவாத மேடையில் விடை கிடைக்காது.

அவர்கள் பிரசாரம் செய்வதைத் தடுக்க வேண்டும் என்று சில இளைஞர்கள் பேசுகிறார்கள். 1981-இல் மீனாட்சிபுரத்து மக்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது அது அவர்களின் உரிமை என்று நாம் வாதிட்டோம். 2002-இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்தே அதை எதிர்த்தார்கள். 2004-இல் அது திரும்பப் பெறப்பட்டது. நமக்குக் கேட்ட உரிமையை அவர்களுக்கு மறுக்க நம்மிடம் நியாயம் இல்லை. வீட்டுக்கு வந்தால் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நாங்கள் இப்படி நம்புகிறோம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புங்கள். வேதக்காரர்களிடம் அழகிய முறையிலன்றித் தர்க்கம் செய்யாதீர்கள் என்பது இறைவனின் ஆணை (29:46).

நஜ்ரான் நாட்டுக் கிறிஸ்தவர்கள் அறுபது பேர் மதீனாவுக்கு வந்தார்கள். ஈஸா (அலை) யார் என்பதே பேச்சு. அவர்களின் தொழுகை நேரம் வந்தபோது மஸ்ஜிதுந் நபவியிலேயே கிழக்கு நோக்கித் தொழ நாயகம் (ஸல்) விட்டுவிட்டார்கள் என்று இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார். பேச்சு முடிவுக்கு வரவில்லை. பொய்யர் மீது அல்லாஹ்வின் சாபத்தை வேண்டுவோம் என்ற முபாஹலா அழைப்பு வந்தபோது அவர்கள் பின்வாங்கி, உடன்படிக்கை செய்துகொண்டார்கள். கொள்கை மாறாமலேயே ஊர் திரும்பினார்கள். திரும்பும்போது அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? எங்களோடு நம்பிக்கைக்குரிய ஒருவரை அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அபூஉபைதா (ரலி) அவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, இவர் இந்த உம்மத்தின் நம்பிக்கைக்குரியவர் என்று கூறி அனுப்பினார்கள் நபி (ஸல்). நம் மார்க்கத்தை ஏற்காதவர்கள் தங்கள் பொருளுக்கும் வழக்குக்கும் ஒரு முஸ்லிமைக் கேட்டு வாங்கிப் போனார்கள்! நம் கடைத்தெருவில், நம் தெருவில், ஒரு கிறிஸ்தவக் குடும்பம் தன் பணத்தையோ வீட்டுச் சாவியையோ ஒப்படைக்க நம்பிக்கையான ஆள் வேண்டுமென்றால் நம் ஜமாஅத்தில் யாரைத் தேடி வரும்?

தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தது 1715-இல். அரபுத் தமிழில் தஃப்ஸீர்கள் நமக்கு முன்பே உண்டு என்றாலும், தமிழ் எழுத்தில் முழுக் குர்ஆனுக்கும் மொழிபெயர்ப்பை மௌலானா ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்கள் தந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். இன்று பல மொழிபெயர்ப்புகள் வந்துவிட்டன. அலமாரியில் உறை போட்டு வைத்திருக்கிறோம்.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, வாரந்தோறும் மஃக்ரிபுக்குப் பின் நம் மதரஸா மாடியில் ஸூரத்து மர்யமைத் தமிழ்ப் பொருளோடு படிக்கப் போகிறோம். தொண்ணூற்றெட்டு வசனங்கள், அவசரமில்லாமல் போவோம். பெண்களுக்குத் திரை கட்டித் தனியிடம் இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். அவர்கள் கையில் எந்தப் பிரசுரம் கிடைத்திருந்தாலும் கிழிக்காமல், எரிக்காமல், அப்படியே எடுத்துவரச் சொல்லுங்கள். கேள்வியைத் தாளில் எழுதிக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. எனக்கு விடை தெரியாததை ஒரு வாரத்திற்குள் கிதாபுகளைப் பார்த்துச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.